நூற்று எண்பத்தாறுக்குப் போன பாட்டு

ஏலமலைச் சாரல் இசைத் தர மேம்பாட்டு அறக்கட்டளைக்கு இசையைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். தலைவர் காசிமாயனுக்கு ஆர்மோனியப் பெட்டி எவ்வளவு கனம் என்று தெரியும். பொருளாளர் ராக்கையாவுக்கு மேளக்காரர்களை எந்தப் பந்தியில் உட்கார வைக்கக் கூடாது என்று தெரியும். செயலாளர் முனைவர் ஜெகதீஷுக்கு 'இசை' என்ற சொல்லை எந்தத் தீர்மானத்துக்குள்ளும் நுழைக்கத் தெரியும். இந்த மூன்று ஞானமும் ஒன்று சேர்ந்தால் ஒலிப்பதிவுக் கூடம் கட்ட நிதி கொடுக்கலாம் என்று மேலே யாரோ முடிவு செய்தார்கள். கொடுத்தும் விட்டார்கள்.

கூடம் அமைந்தது போடிநாயக்கனூரில் ஒரு பழைய ஏலக்காய்க் கிட்டங்கியின் மாடியில். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி, நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்து, குளிர்சாதனம் மாட்டினார்கள். பழைய ஏல மேடையையும் அதன் மேல் தொங்கிய வெண்கல மணியையும் மட்டும் தொடக் கூடாது என்று தலைவர் சொல்லிவிட்டார். மூன்று பேரும் காய் ஏலத்தில் தலை நரைத்தவர்கள். முனைவர் பட்டம்கூட ஏலக்காயின் ஈரப்பதத்துக்காக வாங்கியதுதான். திருவிழா முடிந்தால் சாமி பாதத்து எலுமிச்சம்பழத்தை ஏலம் விடுவது எல்லா ஊரிலும் உண்டு. இவர்கள் அதோடு நிற்கவில்லை. கூட்டத்தில் யார் விளக்கேற்றுவது, யார் நன்றி சொல்வது, சுழல் நாற்காலியில் யார் சுழல்வது, எல்லாமே மணியடித்து ஏலம் விட்டுத்தான் முடிவானது. உச்சத்தில் கேட்டவர் சொன்னது சரி. மற்றவர் சொன்னது தப்பு. இதைவிட எளிய ஜனநாயகம் உலகத்தில் கிடையாது.

இந்த மாடிக்குத்தான் ஒலித் தொழில்நுட்ப உதவியாளராக வந்து சேர்ந்தாள் ரோஜா. ராசிங்காபுரத்துப் பெண். கணினி அறிவியலில் பட்டம். அந்த வீட்டுக்குள் நுழைந்த முதல் பட்டம் அதுதான். பாட்டுப் பதிவு மென்பொருளை மதுரையில் ஒரு வகுப்பில் சேர்ந்து கற்றிருந்தாள். வேலைக்கு வந்த முதல் நாளே ஒரு விஷயம் அவள் கண்ணில் பட்டது. இரண்டு பெரிய ஒலிபெருக்கிகளும் பிளாஸ்டிக் உறையோடு நின்றன.

"சார், உறையப் பிரிக்கலாமா? சத்தம் அமுங்கிப் போகும்."

"பிரிச்சா பழசாயிரும்மா," என்றார் ராக்கையா. "பாக்க நல்லாத்தான இருக்கு?"

அந்தப் பதிலிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். படித்த பெண் அல்லவா, கொஞ்சம் தாமதமாகத்தான் விளங்கியது.

திறப்பு விழாவுக்கு மாவட்டத்துப் பெரிய அதிகாரி வருகிறார், அவர் முன்னால் அறக்கட்டளையின் முதல் பாட்டு ஒலிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். என்ன பாட்டு என்று மட்டும் தீர்மானத்தில் இல்லை. ரோஜா மெல்லச் சொன்னாள்: "எங்க ஊருப் பொம்பளைங்க ஜீப்புல போறப்ப ஒரு பாட்டுப் படிப்பாங்க சார். அவங்களே கட்டுனது."

"யாரு, நம்ம எஸ்டேட்டுக்கு வர்ற பொம்பளைகளா?" காசிமாயனின் முகம் மலர்ந்தது. "போடு போடு. போட்டோவுக்கு நல்லா இருக்கும்."

அவ்வளவுதான். பாட்டில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. மற்ற இருவரும் கேட்கவில்லை.

பாட்டில் இருந்தது காசிமாயனின் ஜீப்பு. விடிகாலையில் ராசிங்காபுரத்தில் பெண்களை அள்ளிக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் ஏறி எஸ்டேட்டில் இறக்கிவிடுகிற ஜீப்பு. ஒரு ஜீப்பில் பதினெட்டுப் பேர். மடிமேல் மடி, அந்த மடிமேல் தூக்குவாளி. ரோஜாவின் அம்மா ஆயம்மாளுக்கு இப்போது கடைசி ஓரம். பாதி உடம்பு ஜீப்பில், பாதி மலையில். போன மழைக்காலத்தில் ஒரு வளைவில் ஜீப்பு சாய்ந்தபோது அந்த ஓரத்தில் இருந்த மகாராணி என்ற பெண் தெறித்து விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. முதலாளி ஆஸ்பத்திரிக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தனுப்பினார். மகாராணி இருந்த ஓரத்தில் மறுநாள் ஆயம்மாள் உட்கார்ந்தாள்.

புகார் சொல்லப் போனவர்களுக்கு அடுத்த வாரம் வேலை இல்லை. அதனால் அதே ஜீப்பில் போகிற கருத்தம்மா புகார் சொல்லவில்லை, பாட்டுக் கட்டினாள்.

*ஏறாத ஏறாத எளையவளே ஏறாத*
*பத்துப்பேரு ஏறியாச்சு பதினொண்ணா ஏறாத*
*மடிமேல மடிவச்சு மலையேறிப் போகயில*
*வளைவுல சாஞ்சதடி மகராணி இடுப்பெலும்பு*
*பத்தோட நிப்பாட்டு பலகையத் தூக்கிக்கட்டு*
*அடுத்த ஜீப்பு வாரவரை அசையாம உக்காரு*

பெரிய அதிகாரியின் காதில் இந்த ஆறு வரி விழ வேண்டும். அதுதான் ரோஜாவின் கணக்கு. அதிகாரி கேட்டுவிட்டால் ஜீப்புக்குப் பத்துப் பேர் என்று உத்தரவு வரும், அம்மா ஓரத்திலிருந்து உள்ளே வருவாள். படிப்பு இப்படியெல்லாம் நம்ப வைத்துவிடும்.

பதிவுக்கு முன்னால் கமிட்டி கூடியது. ரோஜா கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தாள். மேலே ஒரு சின்னப் பெட்டியில் 120 என்று இருந்தது. ஜெகதீஷ் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"அது என்னம்மா நூத்தி இருபது?"

"பாட்டோட வேகம் சார். ஒரு நிமிசத்துக்கு எத்தன தாளம் விழுகணும்ங்கிறது. நாம மாத்தலேன்னா மென்பொருளே நூத்தி இருபதுன்னு வெச்சிரும்."

"கமிட்டியக் கேக்காமயா?"

"இது எல்லா ஊருலயும் அப்பிடித்தான் சார்."

"எல்லா ஊரும் போடி ஆயிருமா?" என்றார் ராக்கையா. "நம்ம சரக்குக்கு எவனோ ஆரம்ப வெல போடுறான், நாம பாத்துக்கிட்டு இருக்கணுமாக்கும்?"

"சார், இந்தப் பாட்டுக்கு ஒரே வேகம் சரிப்படாது. வளைவு வந்தா மெதுவாகும், நேர் ரோடு வந்தா வெரசாப் போகும். ஜீப்புலயே பொறந்த பாட்டு. நம்பரக் கண்டுக்காம அவங்க போக்குலயே பாட விட்டு..."

டங் என்று மணி அடித்தது. காசிமாயன் ஏற்கெனவே மேடையில் நின்றார்.

"நூத்தி முப்பது," என்றார் ராக்கையா.

"நாப்பது," என்றார் காசிமாயன்.

"நூத்தம்பது. என்னா மச்சான், யோசிக்கிறீக? எஸ்டேட்டுல ஆளு பத்தலயா?"

"எங்க ஆளுக நூத்தம்பதுல கொட்டாவி விடுவாளுக மாப்ளே. நூத்தறுபது."

"எங்க ஆளுக நூத்தறுபதுல தூங்குவாளுக. நூத்தி எழுபத்தஞ்சு!"

ரோஜா ஒருவர் முகத்தை விட்டு இன்னொருவர் முகத்தைப் பார்த்தாள். யாராவது சிரித்தால் சேர்ந்து சிரிக்கலாம் என்று காத்திருந்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. ராக்கையாவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் ஆரம்பித்த பகை அது. பல காலமாகக் காய் விலையில் ஏறி இறங்கி, இன்றைக்கு ஒரு தாளத்தின் மேல் வந்து உட்கார்ந்திருந்தது.

"நூத்தி எண்பத்தாறு," என்றார் காசிமாயன், மேசையில் தட்டி.

ராக்கையா துண்டை உதறித் தோளில் போட்டார். மணி அடித்தது. ஜெகதீஷ் எழுந்து, நடவடிக்கைக் குறிப்பில் ஏறுவதற்காகவே பேசினார்.

"மெதுவாகப் பாடுவது ஒரு நோய். மெதுவாகப் பாடினால் சொற்கள் காதில் விழும். சொற்கள் காதில் விழுந்தால் தொழிலாளி யோசிக்கத் தொடங்குவான். யோசிக்கிறவன் கை காய்மேல் நிற்காது. ஆகவே வேகம் என்பது வெறும் இசை அல்ல, அது மகசூல். இன்று நம் தலைவர் அந்த மகசூலை நூற்று எண்பத்தாறுக்கு உயர்த்தியிருக்கிறார்."

மூவரும் கைதட்டினார்கள். ரோஜாவும் தட்டினாள். தட்டிய கையைப் பிறகு துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் வந்தார்கள். தலையில் கனகாம்பரம், காலில் எஸ்டேட்டுச் செருப்பு. மகாராணி ஊன்றுகோலோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ரோஜா கருத்தம்மாவின் காதில் ஹெட்போனை மாட்டி, நூற்று எண்பத்தாறு வேகத்தில் தாளச் சத்தத்தை ஓடவிட்டாள்.

"ஏ ஆத்தா, என்னாடி இது? காதுக்குள்ள மரங்கொத்தி பூந்த மாதிரி?"

"இதோட சேத்துப் பாடணும் சித்தி."

"இதோட சேந்து ஓடத்தான் முடியும். நாய் தொரத்துனாக்கூட நான் இம்புட்டு வெரசாப் போக மாட்டேன்."

"மொதலாளி ஏலத்துல எடுத்த வேகமாம்ல," என்றாள் ஆயம்மாள்.

"அப்ப எடுத்தவரையே பாடச் சொல்லு."

பாடிப் பார்த்தார்கள். இரண்டாவது வரியில் பாதிப்பேர் விட்டுவிட்டார்கள். 'மடிமேல மடிவச்சு' வருகிறபோது கருத்தம்மாவுக்கு இருமல் வந்துவிட்டது. மகாராணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வெக்காதீகடி, உள்ள போட்ட கம்பி வலிக்கி," என்றாள்.

ரோஜா ஹெட்போனைக் கழற்றினாள். தாளச் சத்தத்தை அடக்கினாள். "ஜீப்புல எப்பிடிப் பாடுவீங்களோ அப்பிடியே பாடுங்க."

தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்த பெண்களுக்குப் பாட்டே எழவில்லை. கருத்தம்மா எல்லோரையும் ஒரே பெஞ்சுக்கு இழுத்தாள். மடிமேல் மடி வைத்து நெருக்கி உட்கார்ந்ததும் பாட்டு தானாகக் கிளம்பியது. நேர் ரோட்டில் ஓடியது. வளைவு வந்த இடத்தில் அத்தனை பேரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள், பாட்டும் மெதுவாகச் சாய்ந்தது. ஒருவரும் தெரிந்து சாயவில்லை. உடம்பு பழகிப்போயிருந்தது. 'மகராணி இடுப்பெலும்பு' என்று வந்தபோது தனியாக நாற்காலியில் இருந்த மகாராணி மட்டும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரோஜா பதிவு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்க வேறு இடம் இல்லை.

பெண்கள் போன பிறகு, ஏலத்தில் போன வேகத்துக்குப் பாட்டை இழுத்துச் சுருக்கிப் பார்த்தாள். கொசுக்கூட்டம் சண்டை போடுவது போல இருந்தது. மகாராணியின் இடுப்பு எந்த நொடியில் முறிந்தது என்றே தெரியவில்லை. செய்ததை ரத்து செய்தாள். பிறகு பெட்டிக்குள் 186 என்று எண்ணை மட்டும் மாற்றிவிட்டுப் பாட்டை ஓடவிட்டாள்.

குரல் மாறவில்லை. மாறவும் மாறாது. அந்த எண் இனிமேல் வைக்கப்போகிற தாளத்துக்குத்தான் எஜமான். யாருடைய தாளத்துக்கும் கட்டுப்படாமல் பாடி முடித்த குரலை அது ஒன்றும் செய்ய முடியாது. இது அவளுக்கு முன்பே தெரிந்த விஷயம்தான். கமிட்டிக்கும் இது போதுமா என்பதுதான் தெரியாத விஷயம். ஒரு நிமிடத்தில் பிடித்துவிடுவார்கள், வேலை போய்விடும் என்றுதான் நினைத்தாள்.

மறுநாள் கமிட்டி வந்து உட்கார்ந்தது. பழைய வேகத்தையும் ஏலம் போன வேகத்தையும் ஒப்பிட வேண்டும் என்றார் ஜெகதீஷ். ரோஜா பெட்டியில் 120 வைத்து ஓடவிட்டாள்.

"சவ ஊர்வலம் மாதிரி இருக்கு," என்றார் காசிமாயன்.

186 என்று மாற்றி, அதே பாட்டை, அதே இடத்திலிருந்து ஓடவிட்டாள்.

காசிமாயனின் கால் தரையில் படபடவென்று அடித்தது. "ஆங்! இதான்! எனக்கே மூச்சு வாங்குது பாருங்க!"

"ரொம்பத்தான் வெரசா இருக்கு," என்றார் தோற்றுப்போன ராக்கையா. "நான் சொன்ன நூத்தி எழுபத்தஞ்சே போதும். வேணும்னா வெச்சுப் பாரும்மா."

175 வைத்தாள். அதே பாட்டு மூன்றாம் முறை ஓடியது.

"பாத்தீகளா? அளவா, பதமா இருக்கு."

"ஏலத்துல தோத்தது தோத்ததுதான் மாப்ளே. எண்பத்தாறு வையிம்மா."

மூன்று முறை ஓடியதில் மூன்று முறையும் ஜீப்பு சாய்ந்தது, மூன்று முறையும் மகாராணியின் இடுப்பு முறிந்தது. ஜீப்பின் சொந்தக்காரர் திரையில் எண்ணைப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தார்.

"வார்த்தையெல்லாம் தெளிவாக் கேக்குதா சார்?" பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

ஜெகதீஷ் புன்னகைத்தார். "இசையைக் காதால் கேட்பது பாமர வழக்கம் அம்மா. பயிற்சி உள்ளவன் இசையைப் பார்க்கிறான்."

பார்க்கத்தான் செய்தார்கள். திரையில் குரல்கள் பச்சை அலைகளாக ஓடுவதை ராக்கையா உற்றுப் பார்த்து முகம் சுளித்தார். "என்னம்மா, சரக்கு மெலிஞ்சு கெடக்கு? சல்லடையில நிக்காது போலயே. கொஞ்சம் பருமனா வேணும்."

ரோஜா படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் பொத்தானை அழுத்தினாள். சத்தம் கூடவில்லை, படம் வீங்கியது.

"அப்பிடிப் போடு! எட்டு மில்லிக் காய் மாதிரி! முதல் தரம்!"

எழுந்து வந்து ஆளுக்கொரு முறை திரையைத் தடவிப் பார்த்தார்கள்.

தலைவரின் முன்னுரை இல்லாமல் பாட்டு வெளியே போகக் கூடாது என்று அடுத்த தீர்மானம். காசிமாயன் ஒலிவாங்கிக்கு முன்னால் மாலையோடு உட்கார்ந்து பேசினார்.

"என் எஸ்டேட்டுப் பொம்பளைங்கள நான் கூலி ஆளா நெனச்சதே கெடையாது. ஒரு ஜீப்புல பதினெட்டுப் பேரு போவாங்க. ஏன்? பாசம்! தள்ளித் தள்ளி உக்காந்தா பாசம் கொறஞ்சு போகும். காருல தனியாப் போற எனக்கே அவங்களப் பாத்தா பொறாமையா இருக்கும். இந்தப் பாட்டுல வர்ற ஒவ்வொரு வார்த்தையும் என் நெஞ்சுல இருந்து வந்த வார்த்தை. இது பாட்டு இல்ல, எங்க எஸ்டேட்டோட சட்டம்!"

ரோஜா இதில் ஒரு எழுத்தையும் வெட்டவில்லை. இருமலைக்கூட வெட்டவில்லை. பாட்டுக்கு முன்னால் அப்படியே ஒட்டினாள். தலைவர் 'சட்டம்' என்று முடிக்கிற இடத்தில் கருத்தம்மா 'ஏறாத' என்று தொடங்கினாள். இரண்டுக்கும் நடுவில் மூச்சுவிடுகிற இடைவெளிகூட வைக்கவில்லை. தொடக்கத்திலிருந்து முடிவு வரை தேர்ந்தெடுத்து, முழுக் கலவையையும் ஒரே கோப்பாக வெளியே எடுத்து, பென்டிரைவில் போட்டாள்.

ஏலத்துக்குச் சாம்பிள் காய் வைக்கிற எவர்சில்வர்த் தட்டில் பென்டிரைவைக் கொண்டா என்றார்கள். கொண்டுவந்து வைத்தாள். தட்டு சுற்றி வந்தது. காசிமாயன் அதை உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தார். ராக்கையா பழக்க தோஷத்தில் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"தேறும்," என்றார்.

இப்படியாகப் பாட்டு தரச் சான்று பெற்றது.

விழா ஒரு வேலை நாளில் நடந்தது. ஆகவே பாடிய பெண்கள் மலையில் காய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய படம் மட்டும் வாசலில் பெரிதாக நின்றது, காசிமாயனின் படத்துக்குக் கீழே. பெரிய அதிகாரி வந்து முன்வரிசை சோபாவில் உட்கார்ந்தார். ரோஜா அவருக்குப் பக்கவாட்டில், அவருடைய காது தெரிகிற மாதிரி நின்றுகொண்டாள்.

பாட்டு ஒலித்தது. பாசம் ஒலித்தது, சட்டம் ஒலித்தது, ஏறாத ஏறாத ஒலித்தது. அதிகாரி செல்பேசியில் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டிருந்தார். வளைவு வந்தபோது அவருக்கு முந்திரி வந்தது. மகாராணி விழுந்தபோது அவர் இளநீர்க் குழலைச் சரிசெய்துகொண்டார். கடைசி வரி முடிந்து கைதட்டல் கேட்டதும் தலையைத் தூக்கி அவரும் தட்டினார்.

பிறகு மேடையேறி, அழைப்பிதழைப் பார்த்துப் பேசினார். "நூற்று எண்பத்தாறு! இந்த மண்ணின் வேகம் என்னை மெய்சிலிர்க்க வைத்தது. ஒவ்வொரு துறையும் இந்த வேகத்தில் இயங்கினால் கோப்புகள் தேங்குமா?" அவருடைய துறையில் என்னென்ன கோப்புகள் தேங்கிக் கிடக்கின்றன என்பதையும் பெருமையோடு சொல்லிவிட்டு இறங்கினார். ராசிங்காபுரத்துக்காரர்கள் ஜீப்பைப் பற்றிக் கொடுத்த மனுவும் அதில் இருந்தது.

ரோஜா சோபா ஓரத்தை விட்டு மேடைப் பக்கம் நடந்தாள். பக்கவாட்டில் மைக் செட்டுக்காரர் கமருதீன் பெட்டிமேல் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது.

"யாத்தே, யாரு போட்டது இந்தப் பாட்ட? சாணியக் கரச்சு மூஞ்சியில ஊத்தியிருக்கீக, சந்தனம்னு பூசிக்கிறாங்களே!"

"நீங்களாவது கேட்டீங்களாண்ணே?"

"என் சோலியே கேக்குறதுதான்மா. இவங்க சோலி அது இல்லியே."

"அந்த ஆளு கேப்பாருன்னு நெனச்சேன்."

கமருதீன் சிரிப்பை நிறுத்தினார். ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

மேடையில் மாலைகள் ஏறிக்கொண்டிருந்தன. அந்தக் குஷியில் காசிமாயன் ஒலிவாங்கியைப் பிடுங்கி அறிவித்தார்: "நாளையில இருந்து என்னோட எல்லா ஜீப்புலயும் இந்தப் பாட்டுத்தான் ஓடணும்! சத்தத்தக் கொறைக்கிற டிரைவருக்கு அன்னைக்கே சீட்டுக் கிழிஞ்சிரும்!"

ராக்கையா பொறாமையோடு கைதட்டினார்.

மறுநாள் காலை ரோஜா அம்மாவின் தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு ராசிங்காபுரம் ஜீப்பு நிற்கிற இடத்துக்குத் தானே வந்தாள். ராஜினாமாக் கடிதம் எழுதலாமா என்று யோசித்தபடி வந்தாள். டிரைவர் விஜயகுமார் பென்டிரைவைச் செருகிச் சத்தத்தை முழுக்கத் திருகிவிட்டிருந்தான். புதிதாக மாட்டிய ஒலிபெருக்கி வேறு. தெரு முழுக்க முதலாளியின் குரல் அதிர்ந்தது. ஒவ்வொரு வார்த்தையும் என் நெஞ்சுல இருந்து வந்த வார்த்தை, எங்க எஸ்டேட்டோட சட்டம்!

பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். கருத்தம்மா ஒரு காலைப் படியில் வைத்தவள் நின்றாள். இரண்டு வரி கேட்டாள். உள்ளே ஏறி உட்கார்ந்து, ஏறுகிற தலைகளை எண்ணினாள். ஓரத்துக்குப் போகப் பார்த்த ஆயம்மாளைக் கையைப் பிடித்து நடுவில் உட்கார வைத்தாள். பத்தாவது ஆள் ஏறியதும் பின்பலகையைத் தூக்கிக் கொக்கியை மாட்டினாள்.

"ஏத்தா, என்ன பண்ற? இன்னும் எட்டுப்பேரு கீழ நிக்காக. வெரசா ஏறச் சொல்லு!" என்றான் விஜயகுமார்.

"ஏறக் கூடாதாம்ல அப்பு."

"யாரு சொன்னா?"

"ஓம் மொதலாளிதான் சொல்றாரு. ஒனக்குக் காது இல்லியா?"

"பத்தோட நிப்பாட்டு" என்று ஒலிபெருக்கி கத்தியது. கீழே நின்ற எட்டுப்பேரும், "பலகையத் தூக்கிக்கட்டு" என்று சேர்ந்து பாடிக்கொண்டே ரோட்டோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள். அசையவில்லை. பின்னால் வந்து நின்ற இரண்டாவது ஜீப்பிலும் அதே பாட்டு. அந்தப் பெண்களும் எட்டிப் பார்த்தார்கள், பிறகு பத்துக்கு மேல் இருந்தவர்கள் ஒவ்வொருத்தியாக இறங்க ஆரம்பித்தார்கள்.

விஜயகுமார் சத்தத்தைக் குறைக்கப் போய்ச் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். சீட்டுக் கிழிந்துவிடும். வேர்த்துப்போய்ச் செல்பேசியை எடுத்தான்.

"மொதலாளி, பொம்பளைங்க பத்துப் பேருக்கு மேல ஏற மாட்டேங்கிறாக... இல்ல மொதலாளி, சண்டையெல்லாம் இல்ல. பாட்டுல அப்பிடித்தான் இருக்குதாம்... நீங்க வெளியிட்ட பாட்டுத்தான் மொதலாளி... ஆமா, பத்தோட நிப்பாட்டச் சொல்லுது... அதுக்கு மேல அடுத்த ஜீப்புலயாம்..."

பாட்டுச் சத்தத்தில் ஒன்றும் கேட்காமல் விஜயகுமார் செல்பேசியின் ஸ்பீக்கரைப் போட்டான். பிறகு காசிமாயனின் குரல் வந்தது. ஜீப்பில் இருந்தவர்களுக்கும் கேட்டது.

"ஏன்டா, அந்தப் பாட்டுக்குள்ள வார்த்தையெல்லாம் வேற இருக்கா?"

கருத்தம்மா முன்னால் எக்கி, செல்பேசி பிடித்திருந்த விஜயகுமாரின் கையை மணிக்கட்டோடு பற்றி, ஒலிபெருக்கியின் வாயருகே கொண்டுபோய் வைத்தாள். பாட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. ஆயம்மாள் வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டு தொடையும் இருக்கையில் படும்படி உட்கார்ந்து, மகள் நீட்டிய தூக்குவாளியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எடுத்துராத அப்பு," என்றாள் கருத்தம்மா. "முழுசாக் கேக்கட்டும்."